குப்பி கழுவுகிறவள்

பண்டாரவளையில் ஆணிக்கடைக்கு மேல்மாடி.
கிழமையில் மூன்று நாள் அங்கே குப்பி கழுவுகிறேன்.
சுண்டுவிரல் நீளக் குப்பிகள். முப்பத்திரண்டு.
மூடியை அரக்கு வைத்து அடைத்திருக்கும்,
ஆள் மாறும்போது வெளிப்புறத்தை மட்டும் கழுவ வேண்டும்.
கோதுமை மா, சீனி, பால்மா, நெத்தலி,
தேயிலை, தேயிலைக்கு அடிக்கிற மருந்து,
எல்லாம் ஒரு சொட்டு, மீதி தண்ணீர்,
எல்லாம் ஒரே நிறம்.
கடைசிக் குப்பியில் அந்தத் தண்ணீரும் கிடையாது.
லேபலில் 'கவலை' என்று எழுதியிருக்கும்.

எட்வின் சேர் டொக்டர் இல்லை.
காசு வாங்குமுன் அதை அவரே சொல்லிவிடுவார். நல்ல மனுசன்.
வருகிறவர் இடக்கையில் குப்பியைப் பொத்த வேண்டும்,
வலக்கையை நேரே நீட்ட வேண்டும்.
"புடிச்சிக்கிங்க" என்பார்.
மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து அழுத்துவார்.
கை நின்றால் உடம்பு சரி என்கிறது,
சரிந்தால் வேண்டாம் என்கிறது.
வாய் பொய் சொல்லும், தசைக்கு அது தெரியாதாம்.

பாணை விட்டவர்கள் இருக்கிறார்கள்.
பதுளைக் கிளாக்கர் ஒருவர் பருப்பை விட்டபின்
நன்றாகத் தூங்குகிறேன் என்று
ஒரு வாழைக்குலையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார்.
நான் என்ன சொல்ல?
பழம் இனித்தது.

மழை விடாத ஒரு வியாழக்கிழமை
லேபல்கள் ஊறி உரிந்து பேசினுக்குள் மிதந்தன.
ஞாபகத்தில் இருந்தபடி ஒட்டினேன்.
எனக்கு ஞாபகம் போதாது.
ஒருவரிடமும் சொல்லவில்லை.
மறுநாளும் கைகள் சரிந்தன,
சேர் லேபலை வாசித்த இடத்தில்
அப்படியே, அச்சொட்டாக.

அன்றைக்குத்தான் சிவபாக்கியம் வந்தாள்.
மேற்பிரிவு மலையில் கொழுந்து எடுக்கிறவள்.
அரைப்பேர் போனாலும் போகட்டும் என்று
இறங்கி வந்தாளாம்.
வலது தோள். ஒன்பது மாத வலி.
தோட்டத்து டிஸ்பென்சரி பெனடோலைத் தின்று பழகிய வலி.

நீட்டினாள். அழுத்தினார்.
சீனி, நின்றது.
மா, நின்றது.
மருந்து.
இரண்டு விரல் நாலானது, நாலு உள்ளங்கையானது,
சேர் ஸ்டூலை விட்டு எழும்பி
பாரத்தைப் போட்டு அழுத்தினார்.
தேயிலை, நின்றது.
கீழே "அப்புத்தளை அப்புத்தளை" என்று
கொண்டக்டர் பஸ்ஸின் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தான்.
கடைசிக் குப்பியைச் சேர் பெட்டியிலிருந்து எடுக்கவேயில்லை.

"ஒடம்பு பதில் சொல்லுதில்லையே."
"புடிச்சிக்கச் சொன்னீங்க, புடிச்சிக்கிட்டேன் சேர்.
வுடணும்னா வுடுறேன்.
எதுக்கு வுடணும்னு சொல்லுங்க."

சேர் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
காசு வேண்டாம் என்றார்.
அவள் மடியிலிருந்து எடுத்து,
எண்ணி, மேசையில் வைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

படிக்கட்டில் குடையை விரிக்கப் போனவள்
பாதியில் பல்லைக் கடித்து
இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.
"அக்கா,
நோவுதுன்னு அந்தக் கைக்குச் சொல்லத் தெரியலியா?"

ராத்திரி அறையில் விளக்கை அணைத்துவிட்டு
வலக்கையை நீட்டி
இடக்கையால் நானே அழுத்தினேன்.
லேபல் விசயத்தைச் சேரிடம் சொல்லவா?
சரிந்தது.
சொல்லாமல் இருக்கவா?
அதற்கும் சரிந்தது.
அழுத்திய கை பேசியதா,
அழுந்திய கை பேசியதா?
இரண்டும் என்னுடையவை. இரண்டையும் எனக்குத் தெரியாது.
வெளியே சரக்கு ரயில் ஒன்று
வளைவில் மூச்சு வாங்கி ஏறியது.

சனிக்கிழமை நேரத்தோடு போய்த் திறந்தேன்.
முப்பத்தொன்றையும் கழுவி வெயில் வரும் பக்கம் அடுக்கினேன்.
'கவலை'யைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தேன்.
சத்தமில்லை.
அதையும் கழுவினேன்,
வெளிப்புறத்தை மட்டும்,
இரண்டு தரம்.